நாற்பத்தொன்றாம் எண்

நான்காம் நாளும் கரண்ட் இல்லை.
என்சுக்காவில் இது செய்தியே இல்லை.
போன் செத்துப்போனதுதான் செய்தி.
அதைச் சொல்லவும் போன் இல்லை.

விடுதி வாசலில் ஒக்வுதிலியின் பெட்டிக்கடை.
ஹர்மட்டான் புழுதியில்
இருமிக்கொண்டே ஓடுகிற ஜெனரேட்டர்.
பலகை நெடுக வயர்கள்,
வயர் நுனிகளில் போன்கள்
கண் திறக்காத குட்டிகளாய்
முட்டிமுட்டிக் குடிக்கின்றன.
இருநூறு நைராவுக்கு ஓர் அட்டைத் துண்டு,
நீல மையில் 41.
மூன்று மணி நேரம் ஆகும் என்றான்.
பத்தாவது நிமிடம் போய் நின்றேன்.
"சொமாதினா, இது பிரசவ வார்டு இல்லை,
வெளியே காத்துக் கிடக்க."

படிக்க உட்கார்ந்தேன்.
மண்ணியல், களிமண்ணின் வகைகள்.
வலது கட்டைவிரல் தானாகப் பக்கத்தில் ஏறி
மேலே தள்ளியது.
களிமண் நகரவில்லை.
மறுபடி தள்ளியது.
காகிதம் கசங்கிற்று.
யாராவது பார்த்துவிட்டார்களா என்று
சுற்றிலும் பார்த்தேன்.
ஒருத்தரும் பார்க்கவில்லை
என்பதில் எனக்கு
லேசான ஏமாற்றம்.

தொடையில் ஏதோ அதிர்ந்தது.
கை பாய்ந்து போய் எடுத்தது:
அட்டைத் துண்டு.

ஒன்றே ஒன்று என்றுதான் ஆரம்பிப்பேன் ஒவ்வோர் இரவும்.
மணிலாவில் ஒருத்தி பூனையைக் குளிப்பாட்டுவாள்.
லேகோஸில் ஒரு கல்யாணத்தில்
நோட்டு மழை பெய்யும்.
எங்கோ ஒருவன் சோப்புக் கட்டியைச்
சீவிக்கொண்டே இருப்பான்,
எதற்கென்று இன்றுவரை தெரியாது.
முன்பின் தெரியாதவர்களின் நாய்களுக்கு
என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.
சேவல் கூவும்.
எட்டு மணித் தேர்வுக்கு
எட்டரைக்கு எழுந்திருக்கிறேன், இரண்டு முறை.

மேல் கட்டில் எனக்கு,
கீழ்க் கட்டில் ந்வாகயேகோவுக்கு.
இரண்டு வருடம்.
அவள் படம் போடுவாள், நான் இதயம் போடுவேன்.
மூன்றடி கீழே இறங்குவதற்கு
என் இதயம்
வானத்துக்குப் போய்த் திரும்பி வரும்.

இன்று அறையில் இருட்டு மட்டும்.
"உனக்கு எந்த எண்?" என்றது கீழ்க் கட்டில்.
"நாற்பத்தொன்று."
"எனக்கு நாற்பத்திரண்டு."
சிரித்தோம்.
அவள் சிரிப்பு
ஒரு பக்கம் உடைந்தது என்பதே
எனக்குப் புதிது.
பிறகு, கூரையிடம் பேசுகிற மாதிரி,
"நவம்பரிலிருந்து நான் வகுப்புக்குப் போகவில்லை."
"போன வாரம்கூட லேப் கோட்டோடு..."
"பழைய படம்."
"சாப்பாடு?"
பதில் வர நேரமானது.
எனக்கு வார்த்தை வரவும் நேரமானது.
ஏதோ ஒன்று நாக்கு நுனிவரை வந்தது.

அதற்குள் வந்துவிட்டது கரண்ட்.
நாலு மாடியும் ஒரே தொண்டையாய்
"அப் நெப்பா!" என்று அலறியது.
வெளிச்சத்தில் அவள்
கண்ணைத் துடைத்தாளா, கசக்கினாளா?
அட்டையை நீட்டினாள்:
"என்னுடையதையும் வாங்கிட்டு வா."

வாங்கினேன்.
எங்கள் மாடிக்கு நாற்பத்தாறு படி.
இருபதாம் படியில்
என் கையில் உயிர் வந்தது.
உட்கார்ந்தேன்.
ஒன்றே ஒன்று.

நிமிர்ந்தபோது படிக்கட்டில்
ஆள் நடமாட்டம் இல்லை.
அறையில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பித்
தூங்கியிருந்தாள்,
அல்லது தூங்குகிற மாதிரி.
நாற்பத்திரண்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு
மேலே ஏறினேன்.
கேட்க நினைத்ததைக்
கேட்கிற நேரமா இது.
ஓர் இதயம் அனுப்பினேன்.

கீழே, அவள் கழுத்தோரம்,
கொஞ்சம் வெளிச்சம் விழுந்து
அணைந்தது.